ஓய்மாநாட்டின் குரல்கள்: விழுப்புரம், திண்டிவனம் வட்டார வானொலி நிகழ்ச்சி ஆக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்து மக்களுக்காக நிகழ்ச்சி ஆக்கும் பொது வானொலி நிலையத்தார், சமுதாய வானொலிப் பணியாளர்கள், அவர்களோடு ஒலிப்பதிவில் ஈடுபடும் கல்லூரி மாணவர்கள், மகளிர் குழுவினர் ஆகிய அனைவருக்கும்,

இம்மடல் ஒரு கோரிக்கையை முன்வைப்பதற்காக எழுதப்படுகிறது. மருத்துவர் உரை ஒரு நாள், சமையல் குறிப்பு ஒரு நாள், கோயில் வரலாறு ஒரு நாள் என்று மக்கள் நலவாழ்வையும் உணவையும் மரபையும் மூன்று தனித்தனி நிகழ்ச்சிகளாக ஒலிபரப்பும் வழக்கத்தை மாற்றி, இம்மூன்றும் ஊராரின் வாழ்க்கையில் எவ்வாறு ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றனவோ அவ்வாறே, அவ்வூராரின் வாய்மொழியிலேயே, ஒரே கதையாகச் சொல்ல வேண்டும் என்பதே அக்கோரிக்கை.

இவ்வட்டாரத்திற்கு வானொலி புதிதன்று. 1967இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட அகில இந்திய வானொலி நிலையமே நெடுங்காலமாக விழுப்புரம் மாவட்டத்தின் அண்மை நிலையமாக இருந்து வருகிறது. அதன் 1215 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை, அதாவது நிலப்பரப்பை ஒட்டியே பரவித் தொலைவிலுள்ள சிற்றூர்களையும் எட்டும் அலை, உழவர் நிகழ்ச்சிகளைக் கொண்டு சேர்த்தது, 102.8 மெகாஹெர்ட்ஸ் பண்பலை, அதாவது ஒலி தெளிவாக இருப்பினும் ஏறத்தாழ நேர்க்கோட்டிலேயே செல்வதால் குறுகிய பரப்பை மட்டும் எட்டும் அலை, நகர்ப்புற நேயர்களை ஈர்த்தது. காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம் நடத்தும் 'புதுவை வாணி' 107.8 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கும் சமுதாய வானொலியாகும். சமுதாய வானொலி என்பது வணிக நோக்கமின்றி, ஒரு கல்வி நிறுவனமோ தொண்டு நிறுவனமோ ஒரு சிறு நிலப்பரப்பின் மக்களுக்காக நடத்துவது. இதன் அலைபரப்பு ஆற்றல் பொதுவாக 100 வாட் அளவுக்குள்ளும், அலைபரப்பிக் கோபுரத்தின் உயரம் 30 மீட்டருக்குள்ளும் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், அதன் குரல் பொதுவாக 10 முதல் 15 கிலோமீட்டர் வரையே கேட்கும். அரசு 2006இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி வேளாண் அறிவியல் நிலையங்களும் இத்தகைய நிலையத்தை நடத்தத் தகுதி பெற்றவை; விழுப்புரம் மாவட்டத்திற்குரிய வேளாண் அறிவியல் நிலையம் திண்டிவனத்தில் அமைந்துள்ளது என்பதை இவ்விடத்தில் நினைவூட்டுவது பொருந்தும். ஒலிபரப்பில் குறைந்தது பாதி அளவு உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் உருவாக வேண்டும் என்பதும் அந்நெறிமுறைகளின் விதி. சமுதாய வானொலி தன் சொந்தச் செய்தியறிக்கையை ஒலிபரப்ப இயலாது என்ற கட்டுப்பாடு உண்டெனினும், நலவாழ்வுக்கும் உணவுக்கும் மரபுக்கும் அத்தடை பொருந்தாது.

இம்மூன்றையும் சேர்த்துச் சொல்லும் முறை இம்மண்ணிற்குப் பழக்கமானதே. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, 269 அடிகளில், ஓய்மாநாட்டை ஆண்ட நல்லியக்கோடனிடம் வறிய பாணன் ஒருவனை வழிப்படுத்தும் நூல். அவன் தலைநகரான கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாகிய கிடங்கல் என்பர் ஆய்வாளர். அதில் வரும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடும், வேலூரை உப்புவேலூரோடும், ஆமூரை நல்லாமூரோடும் பொருத்திக் காட்டுவர். பாணன் செல்லும் வழி நெடுகிலும் அவனுக்குக் கிடைக்கும் உணவு நிலத்திற்கு நிலம் மாறுகிறது: கடற்கரையில் பரதவர் சுட்ட உலர்மீனைத் தருகின்றனர், முல்லை நிலத்தில் எயினர் புளி சேர்த்த சூடான சோற்றை இறைச்சியோடு தருகின்றனர், மருத நிலத்தில் உழவர் தீட்டிய அரிசிச் சோற்றை நண்டுக் கலவையோடு படைக்கின்றனர். பசியால் வாடிய ஒரு குடும்பத்தின் உடல்நிலை, நிலத்தின் விளைச்சல், விருந்தோம்பும் மரபு ஆகிய மூன்றையும் அந்நூல் பிரித்துப் பேசவில்லை. வேறெந்த மாவட்டத்து வானொலிக்கும் இத்தகைய ஆயத்தமான உணவு வரைபடம் எளிதில் கிட்டாது. மரக்காணத்தின் கருவாடும் வானூர்ப் பக்கத்துச் செம்மண் நிலத்தின் சமையலும் ஏரிப்பாசன ஊர்களின் நண்டுக் குழம்பும் இன்று எந்நிலையில் உள்ளன என்று அந்த வழியிலேயே ஒலிவாங்கியுடன் சென்று கேட்டறிந்தால், ஆண்டு முழுவதற்குமான தொடர் ஒன்று கிடைத்துவிடும்.

இக்கோரிக்கையின் பொருளை விளக்க நிலக்கடலை ஒன்றே போதுமானது. திண்டிவனத்திலுள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய கடலை இரகங்கள் ஊரின் பெயரைச் சுருக்கிய 'டிஎம்வி' என்ற எழுத்துகளையே தாங்கியுள்ளன. அவற்றுள் 1940இல் வெளியிடப்பட்ட டிஎம்வி 2, தமிழ்நாட்டைக் கடந்து ஆந்திரம், கருநாடகம் ஆகிய பகுதிகளிலும் பல பத்தாண்டுகள் விரும்பிப் பயிரிடப்பட்டது. இது வட்டாரத்தின் பெருமைக்குரிய மரபு. ஆயின் அதனைப் பெருமையாக மட்டும் ஒலிபரப்பி நிறுத்திவிடுவது போதாது. பிடுங்கிய கடலையைச் சரியாக உலர்த்தாமல் குவித்துவைத்தால், ஆஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம் அதில் படர்ந்து, ஆஃப்லடாக்சின் எனப்படும் நச்சுப்பொருளை உண்டாக்குகிறது. கல்லீரலைத் தாக்கும் இந்நச்சு, நீண்ட காலம் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழிவகுக்கும் என்பது உறுதிப்பட்ட அறிவியல் முடிவு. வறுப்பதாலோ அவிப்பதாலோ அது முழுமையாக அழிவதில்லை. எண்ணெய் ஆட்டிய பின் நச்சின் பெரும்பகுதி பிண்ணாக்கிலேயே தங்கி, அப்பிண்ணாக்கைத் தின்னும் கறவை மாட்டின் பால் வழியாக மீண்டும் வீட்டிற்குள் வந்து, குழந்தையின் தம்ளரை அடைகிறது. பூஞ்சணம் பிடித்த, சுருங்கிய, நிறம் மாறிய பருப்பைப் பொறுக்கி எறிவதும், ஈரப்பதம் நூற்றுக்கு எட்டு அளவுக்குக் குறையும்வரை காயவைப்பதும் இதற்குரிய காப்பு முறைகள்.

இதனை வேளாண் அலுவலர் ஒருவர் நிலையத்தில் அமர்ந்து எழுதிப் படிப்பதற்கும், செஞ்சிப் பக்கத்துக் களத்துமேட்டில் கடலை ஆயும் பெண்கள் சொல்வதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. நன்கு காய்ந்த கடலைக்காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே பருப்பு ஓட்டில் மோதிக் கலகலவென ஒலிக்கும்; ஈரக்காய் அவ்வாறு ஒலிக்காது. ஈரப்பதம் காணும் கருவி இல்லாத வீட்டிற்கு இவ்வொலியே கருவி. கண்ணால் காணும் எந்த ஊடகத்தையும்விட வானொலிக்கு இயல்பாகப் பொருந்தும் செய்தி இது: இரு காய்களின் ஒலியையும் அடுத்தடுத்துக் கேட்கச் செய்து, அதனைத் தொடர்ந்து நச்சின் தன்மையை மருத்துவர் விளக்கி, இரகத்தின் வரலாற்றை ஆராய்ச்சி நிலையத்தார் கூறினால், அரை மணி நேரத்திற்குள் உணவும் நோயும் மரபும் ஒரே பொருளாகி நேயரிடம் சேர்ந்துவிடும்.

வானொலி சொன்னதை நம்பி மக்கள் தம் வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டமைக்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1960களில் தஞ்சைப் பகுதியில் பரவிய ஆடுதுறை 27 என்னும் குறுகியகால நெல், வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் வழியாக உழவரிடையே பெயர் பெற்றமையால் 'ரேடியோ நெல்' என்றே அழைக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1956இல், யுனெஸ்கோவின் துணையுடன் புனே வட்டாரத்தில் 150 சிற்றூர்களில் வானொலி மன்றங்கள் நிறுவப்பட்டு, ஒலிபரப்பைக் கேட்டவர்கள் அங்கேயே அமர்ந்து கலந்து பேசி ஐயங்களை நிலையத்திற்குத் திருப்பி எழுதும் முறை சோதிக்கப்பட்டது. ஊர்தோறும் மகளிர் குழுக் கூட்டம் நடைபெறும் இந்நாளில், அக்கூட்டத்தின் கால்மணி நேரத்தைக் கூட்டுக் கேட்புக்கு ஒதுக்குவது அரிய செயலாகாது. நாகர்கோவிலில் 1984இல் தொடங்கப்பெற்ற இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் ஒரு மாவட்டத்தின் பேச்சும் பாட்டும் தொழிலும் ஓர் ஒலிபரப்புக்குப் போதிய பொருள் என்பதை மெய்ப்பித்தது. தெலங்கானாவின் மச்னூர் ஊரில் 2008 அக்டோபரில் ஒலிக்கத் தொடங்கிய சங்கம் வானொலி, தலித் பெண்களே விதைகளையும் சிறுதானியச் சமையலையும் பாட்டுகளையும் மருந்துச் செடிகளையும் பேசிப் பதிவுசெய்து நடத்தும் நிலையமாக நிலைபெற்றது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் அவ்வாறு பேச வேண்டியவர்களுள் முதலிடம் இருளர் பழங்குடியினருக்கு உரியது. வயல்வரப்பிலும் செங்கற்சூளையிலும் ஏரிக்கரையிலும் உழைக்கும் அம்மக்களின் பாம்பு பற்றிய அறிவு தலைமுறை வழிவந்தது. 1978இல் நிறுவப்பட்டு, செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம், நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு பாம்புகளின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு வழங்குகிறது. அந்நஞ்சிலிருந்தே நஞ்சுமுறி மருந்து, அதாவது குதிரையின் உடலில் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தெடுத்து ஆக்கும் ஊசி மருந்து, உருவாகிறது. கரும்புத் தோட்டத்தில் கடிபட்ட உழவர் ஒருவருக்கு முண்டியம்பாக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செலுத்தப்படும் மருந்தின் தொடக்கம் இருளரின் கைத்திறனில் இருக்கிறது என்பதை இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் பாடநூலில் படிப்பதற்கு முன்பே வானொலியில் கேட்டிருக்க வேண்டும். இதனை இருளர் ஒருவரே சொல்லும்பொழுது, கடித்த இடத்தைக் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, இறுகக் கட்டக் கூடாது, கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்ற அறிவுரைக்கு வேறெவர் சொல்லினும் கிட்டாத வலிமை கிடைக்கும். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் தரையில் உறங்குவோரைக் கடிப்பதும், அக்கடியில் வலியோ வீக்கமோ மிகுதியாகத் தெரியாததால் பின்னர் எழும் வயிற்றுவலியைச் சாதாரண வயிற்றுவலி என்று எண்ணிக் காலம் கடத்துவதும் உயிரிழப்புக்குக் காரணங்களாகின்றன. மண் தரையில் படுத்துறங்கும் சூளைத் தொழிலாளர் குடும்பங்களுக்கு இச்செய்தி தேவைப்படும் அளவுக்கு வேறெவருக்கும் தேவைப்படாது. அவர்களை நேயர்களாக மட்டுமன்றிப் பேசுவோராகவும் கொள்வதே பொது வானொலியின் கடமை.

மரபைப் பேசும்பொழுது எச்சரிக்கையும் வேண்டும். ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில்களில் வார்க்கும் கேழ்வரகுக் கூழும் அதனோடு சேரும் முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் சத்து மிகுந்த கூட்டுணவு என்பதில் ஐயமில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு, தீட்டிய அரிசியிலோ அதில் சிறு பங்கே உண்டு. ஆயினும் கேழ்வரகும் மாவுச்சத்து நிறைந்த தானியமே ஆதலின், கூழ் குடித்தால் நீரிழிவு தீரும் என்று ஒருவர் வானொலியில் சொல்வாராயின், அதனை நம்பி மாத்திரையை நிறுத்திவிடும் நேயர் ஒருவருக்கு நேரும் கேட்டிற்கு அந்நிகழ்ச்சியே பொறுப்பாகும். விளம்பரக் கட்டணம் செலுத்தி அரைமணி நேரம் மருத்துவ உரை என்ற பெயரில் மருந்து விற்போரிடமிருந்து நிகழ்ச்சிகளைக் காப்பது மிக இன்றியமையாதது. நோய்களைத் தீர்ப்பதாகப் பொய்யுரைத்து விளம்பரம் செய்வதைத் தடுக்கும் 1954ஆம் ஆண்டுச் சட்டம் நடப்பில் உள்ளது என்பதை நிலையத்தார் ஒருபொழுதும் மறத்தலாகாது. மரபின் மீதுள்ள மதிப்பு, அதன் பெயரால் சொல்லப்படும் அனைத்தையும் ஆராயாமல் ஏற்பதால் வளர்வதில்லை.

இன்னும் கடுமையான பொருள்களிலும் இம்முறை பயன்படும். மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் 2023 மே மாதத்திலும், 2019 வரை விழுப்புரத்தோடு இணைந்திருந்த கள்ளக்குறிச்சியில் 2024 ஜூன் மாதத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் உயிர்கள் பறிபோயின. கள்ளக்குறிச்சியில் மட்டும் இறந்தோர் 60 பேருக்கும் மேற்பட்டவர். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால் உடலுக்குள் பார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பையும் உயிரையும் அழிப்பது. குடித்துச் சில மணி நேரம், சிலருக்கு ஒரு நாள் வரையும் பெரிய அறிகுறி ஏதும் தோன்றாதிருக்கலாம் என்பதும், பார்வை மங்கத் தொடங்கியவுடன் நாணமோ அச்சமோ இன்றி மருத்துவமனையை அடைந்தால் மாற்று மருந்தாலும் குருதிச் சுத்திகரிப்பாலும் காப்பாற்ற இயலும் என்பதும் ஒவ்வொரு குப்பத்திலும் தெரிந்திருக்க வேண்டியவை. அதே கடற்கரையின் பனைத்தொழிலாளர், கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பதநீரைப் புளிக்காமல் காக்கும் நுட்பத்தை அறிந்தவர்கள். அவர்களின் தொழில்வரலாற்றைச் சொல்லும் நிகழ்ச்சியில் இந்த எச்சரிக்கையும் இடம்பெறுமாயின், தம்மைக் குற்றவாளிகளாகக் கருதி எவரோ அறிவுரை கூறுவதாக ஊரார் முகம் திருப்பிக்கொள்ளமாட்டார்கள்.

பேரிடர் நாட்களிலும் இதே முறை உதவும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரியருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியதும், அதனைத் தொடர்ந்து தென்பெண்ணை பெருக்கெடுத்து விழுப்புரத்தின் ஊர்களைச் சூழ்ந்ததும் எவர் நினைவிலிருந்தும் அகலவில்லை. மின்சாரம் நின்று கைப்பேசியும் அணைந்துவிடும் அத்தகைய நாட்களில் மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப்பெட்டியே மிஞ்சும் ஊடகம். ஆயினும் குளோரின் இட்ட நீரைக் குடிக்க வேண்டும், வெள்ளநீரில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும் என்பன போன்ற அறிவுரைகளை வெள்ளம் வந்த பின் முன்பின் அறியாத குரல் ஒன்று கூறுவதைவிட, நாள்தோறும் கேட்டுப் பழகிய ஊர்க்குரல் கூறுவதே செவியில் ஏறும். அப்பழக்கத்தை அமைதியான மாதங்களிலேயே உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

கலைகளுள், திரௌபதி அம்மன் திருவிழாவோடு பிணைந்த கூத்துக்குத் தனிக் கவனம் தேவை. செஞ்சியை அடுத்த மேலச்சேரியின் திரௌபதி அம்மன் கோயிலை அவ்வழிபாட்டின் மூலக்கோயிலாகவே மக்கள் போற்றுகின்றனர். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் வெளியிட்ட ஆய்வுநூலின் தலைப்பே செஞ்சியிலிருந்து குருசேத்திரம் வரை நீள்வது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில், மராட்டியப் படையியல் நிலக்காட்சிகளுள் ஒன்றாக இடம்பெற்றபின் அதன் மதில்களைப் பற்றிப் பேசப் பலர் முன்வருவர்; மதிலுக்கு வெளியே பகலில் பாரதம் படித்து இரவில் கூத்தாடி, பாரதப் போரின் முடிவை நிகழ்த்திக் காட்டும் படுகளத்தன்று மண்ணால் துரியோதனன் உருவம் சமைக்கும் ஊர்களைப் பற்றிப் பேசுவோர் அருகியே காணப்படுவர். விடியும்வரை தொண்டை கிழியப் பாடும் கூத்துக் கலைஞரின் குரல்நாண்களும் கால்மூட்டுகளும் எவ்வாறு தேய்கின்றன, அவர் ஆட்டத்திற்கு முன் என்ன உண்கிறார், எதனை விலக்குகிறார் என்று கேட்டால், அரங்கின் அழகைப் போலவே உடலின் வருத்தமும் பதிவாகும்.

இறுதியாக, செயல்முறை சார்ந்த சில வேண்டுகோள்கள். ஒலிவாங்கியின் முன் பேசுவோரின் பேச்சுவழக்கை அறிவிப்பாளரின் தமிழாகத் திருத்த வேண்டா. மரக்காணத்து உப்பளத் தொழிலாளர் விடியலுக்கு முன்பே பாத்திக்குச் செல்வதால் காலை நிகழ்ச்சி அவர்களுக்குப் பயன்படாது. அதே நிகழ்ச்சியை மாலையில் மறு ஒலிபரப்புச் செய்தல் வேண்டும். காசநோய், மனநோய், கருச்சிதைவு போன்றவற்றைப் பற்றித் தம் பட்டறிவைக் கூற முன்வருவோரின் பெயரும் ஊரும் வெளிப்படாமல் காக்கப்பட வேண்டும், பதிவை ஒலிபரப்புவதற்கு முன் அவருக்கே போட்டுக் காட்டி இசைவு பெற வேண்டும். மேலும், ஒலிபரப்பியவுடன் அழிக்கப்படும் பதிவுகளே மிகுதியாக இருக்கும் நிலையை மாற்றி, இசைவளித்தோரின் பதிவு ஒவ்வொன்றையும் ஊர், நாள், தொழில் ஆகிய குறிப்புகளோடு விழுப்புரம் மாவட்ட மைய நூலகத்திலும், பேசியவரின் ஊர்ப் பள்ளியிலும் ஒரு படி வைக்க ஏற்பாடு செய்தல் வேண்டும். வரும் கடலை அறுவடையிலேயே முதற்பதிவைத் தொடங்குமாறும், எந்தெந்த ஊர்களில், எந்த நாட்களில் ஒலிப்பதிவு நடைபெறும் என்பதை முன்கூட்டியே ஒலிபரப்பில் அறிவிக்குமாறும் கேட்டுக்கொள்ளப்படுகிறது.

இங்ஙனம்,
வட்டார வானொலி நேயர்